பட்டா இல்லாதவரிடம் யார் கேட்பது?

2017 பிப்ரவரி கடைசி வாரம். நெடுவாசல் நாடியம்மன் கோயில் திடலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் பந்தல் போட்டு உட்கார்ந்து பத்து நாள் ஆகியிருந்தது. கீரமங்கலம் பக்கத்துக் காலனி ஒன்றுக்கு ஆள் திரட்ட நானும் இரண்டு தோழர்களும் போயிருந்தோம். விடியலில் பூப் பறிக்கப் போய்த் திரும்பி, வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"கெணறு போட்டா நெலம் போயிரும்ங்கிறீக. எனக்கு ஏது தம்பி நெலம்? நெலம் இருக்கவுக வந்து எங்களக் கூப்புடல. நீங்க வந்து கூப்புடுறீக."

துண்டறிக்கையில் அதற்குப் பதில் இல்லை. "தண்ணீர் எல்லோருக்கும் பொதுதானே அம்மா" என்று ஏதோ சொன்னேன். அவர் சிரித்தார். தண்ணீர் எல்லோருக்கும் பொது என்று புதுக்கோட்டை மாவட்டத்துக் காலனியில் நின்று சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஆனாலும் இரண்டு நாள் கழித்து, தெருப் பெண்களோடு அவர் பந்தலுக்கு வந்திருந்தார். அன்று அவர் கேட்டதற்கு முழுப் பதிலை இப்போதாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில் கதைச் சுருக்கம். 2017 பிப்ரவரி 15 அன்று மத்திய அமைச்சரவைக் குழு, கண்டுபிடிக்கப்பட்ட சிறு வயல்கள் என்ற பெயரில் நாடு முழுவதும் 31 ஒப்பந்தப் பகுதிகளை நிறுவனங்களுக்கு வழங்க ஒப்புதல் அளித்தது. அதில் ஒன்று நெடுவாசல், 10 சதுர கிலோமீட்டர். கர்நாடகத்தைச் சேர்ந்த ஜெம் லேபரட்டரீஸ் நிறுவனத்துக்குக் கிடைத்தது. மறுநாளே ஊர் திரண்டது. 22 நாள் கழித்து, வாக்குறுதிகளை நம்பிப் போராட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. மார்ச் 27 அன்று டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏப்ரல் 12 அன்று மறுபடியும் உட்கார்ந்தார்கள். இந்த முறை 174 நாள். வடகாடு, கோட்டைக்காடு, நல்லாண்டார்கொல்லை, வாணக்கன்காடு என்று சுற்றிலும் உள்ள ஊர்களெல்லாம் சேர்ந்துகொண்டன. நிலம் கிடைக்காததால் நிறுவனம் வேறு இடம் கேட்கும் நிலைக்குப் போனது. நெடுவாசலில் அந்தத் திட்டம் நடைமுறைக்கு வரவில்லை.

இது மக்களின் வெற்றி. அதில் இரண்டு கருத்து இல்லை.

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். நிலமில்லாத ஒருவருக்கு இந்தத் துளையிடலில் என்ன பாதிப்பு? இதற்குப் பதில் சொல்ல, இந்தத் தொழில் பூமிக்குள் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

என் தகப்பனார் கிணறு வெட்டும் வேலைக்குப் போனவர். அவர் அறிந்த கிணறு நேராகக் கீழே போகும். யார் கொல்லையில் வெட்டுகிறோமோ அவர் கொல்லைக்குள்ளேயே அது முடிந்துவிடும். எரிவாயுத் தொழிலில் பழைய முறையும் ஏறக்குறைய அப்படித்தான். மணற்பாறையின் நுண்துளைகளில் வாயு தேங்கியிருக்கும். மேலிருந்து நேராகக் குழாய் இறக்கினால் அழுத்தத்தில் தானாக மேலே வரும். ஷேல் என்கிற களிப்பாறையில் இது நடக்காது. வாயு இருக்கும், நகராது. பாறை அவ்வளவு இறுக்கம். அதனால் இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை நேராகத் துளைத்து, அங்கிருந்து துரப்பணக் கருவியை மெல்ல வளைத்து, பாறைப் படுகைக்குள்ளேயே படுக்கைவாட்டில் ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை கொண்டுபோகிறார்கள். பிறகு நீரும் மணலும் வேதிப்பொருளும் கலந்து பேரழுத்தத்தில் உள்ளே செலுத்திப் பாறையில் விரிசல் உண்டாக்குகிறார்கள். மணல் அந்த விரிசலை மூடவிடாமல் தாங்கி நிற்கும். வாயு கசிந்து வரும். நீரியல் விரிசல் என்று நாம் மேடைகளில் பேசியது இதைத்தான். அமெரிக்காவின் டெக்சாஸில் பார்னெட் ஷேல் பகுதியில் ஜார்ஜ் மிட்செல் என்பவரின் நிறுவனம் 1990-களின் கடைசியில் விரிசல் முறையைச் செலவு குறைந்ததாக்கியது. அதோடு பக்கவாட்டுத் துளையிடலும் சேர்ந்த பிறகுதான் ஷேல் எரிவாயு பெருந்தொழிலானது.

ஒரு கிணற்றுக்கு எவ்வளவு தண்ணீர்? அமெரிக்க நிலவியல் ஆய்வகம் தரும் கணக்கு சுமார் 15 லட்சம் கேலன் முதல் 160 லட்சம் கேலன் வரை. நம் கணக்கில் ஏறத்தாழ 57 லட்சம் லிட்டர் முதல் 6 கோடி லிட்டர் வரை. 12,000 லிட்டர் கொள்ளும் டேங்கர் லாரியில் கொண்டுவந்தால் குறைந்தது 475 லாரி, கூடினால் 5,000 லாரி. காவிரித் தண்ணீர் பார்க்காத ஆலங்குடிச் சீமையில் முல்லையும் கனகாம்பரமும் வாழையும் பலாவும் நிலத்தடி நீரை நம்பித்தான் நிற்கின்றன. ஏற்கெனவே ஆண்டுக்கு ஆண்டு போர்வெல்லை ஆழப்படுத்திக்கொண்டிருக்கிற ஊர்கள் இவை.

உள்ளே போன தண்ணீரில் ஒரு பகுதி திரும்பி மேலே வரும். வேதிப்பொருளோடு, பாறைக்குள் இருந்த உப்பும் சில இடங்களில் ரேடியம் போன்ற கதிரியக்கப் பொருளும் கரைந்து வரும். அதைக் குட்டையில் தேக்க வேண்டும். அல்லது சுத்திகரிக்க வேண்டும். அல்லது வேறு ஆழக் கிணற்றில் செலுத்த வேண்டும். விரிசல் இரண்டு கிலோமீட்டர் மேலே ஏறி வந்து குடிநீரைக் கெடுத்துவிடும் என்று சில மேடைகளில் பேசப்பட்டது. அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. குழாயைச் சுற்றிப் பூசிய சிமெண்ட் பூச்சு பழுதாவது, மேலே கழிவுநீர் சிந்துவது, குட்டை உடைவது, இவைதான் அன்றாட ஆபத்து. சில சூழல்களில் இந்தத் தொழிலால் குடிநீர் ஆதாரங்கள் பாதிக்கப்படக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே 2016 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. பிரான்ஸ் 2011-இலேயே விரிசல் முறையைத் தடைசெய்துவிட்டது.

நெடுவாசலுக்கு ஷேல் வராது, இது பழைய பாணிக் கிணறுதான், வீணாகப் பயமுறுத்துகிறார்கள் என்று அப்போது சொன்னார்கள். ஒப்பந்தத்தின் அடிப்படையான கொள்கையைப் படித்தவர்களுக்கு விஷயம் தெரியும். சிறு வயல் கொள்கையில் ஒரே உரிமத்தில் எல்லா வகை ஹைட்ரோகார்பனையும் எடுக்கலாம். எண்ணெய், வாயு, மீத்தேன், ஷேல் என்று தனித்தனியாக அனுமதி தேவையில்லை. அதற்கு முன்பே, 2013 அக்டோபரில், ஷேல் வாயுவுக்கென்று தனிக் கொள்கை வந்தது. முதல் கட்டமாக ஓஎன்ஜிசிக்கும் ஆயில் இந்தியாவுக்கும் 56 பகுதிகள் ஒதுக்கப்பட்டன. அதில் 9 தமிழ்நாட்டில். காவிரிப் படுகையின் ஆழத்தில் உள்ள பாறைப் படிவங்களில் ஒன்றுக்கு நிலவியலாளர்கள் வைத்திருக்கும் பெயரே ஆண்டிமடம், நம் அரியலூர்ப் பக்கத்து ஊரின் பெயர். இந்தியாவில் ஷேல் வாயு இன்னும் வணிக அளவில் பெரிதாக எடுக்கப்படவில்லை என்பதும் உண்மைதான். எடுக்க மாட்டார்கள் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

இப்போது காலனிக்குத் திரும்புவோம். மேலே துளையிடும் தளம் ஒருவருடைய கொல்லையில் சில ஏக்கரில் இருக்கும். அவருக்குக் குத்தகைப் பணம் வரும். குழாய் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, கண்மாய்க்கு அடியில், சுடுகாட்டுக்கு அடியில், காலனி வீடுகளுக்கு அடியில் போகும். இந்தியச் சட்டப்படி பூமிக்கடியில் உள்ள எண்ணெயும் வாயுவும் நிலக்காரருக்குச் சொந்தமில்லை, அரசுக்குச் சொந்தம். அதனால் மேலே தளம் அமைக்கும் இடத்துக்காரரிடம் மட்டும் பேசினால் போதும். அடியில் போகிற வழியில் இருப்பவரைக் கேட்கத் தேவையில்லை.

அந்தக் கொல்லையில் அதுவரை பூப் பறித்தவர், கடலை பிடுங்கியவர், வாழைத்தார் சுமந்தவர் என்ன ஆவார்? 2013-இல் வந்த நில எடுப்புச் சட்டத்தில் ஒரு நல்ல பிரிவு இருக்கிறது. நிலம் கையகப்படுத்தப்படும்போது, மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பி வாழ்ந்த விவசாயக் கூலித் தொழிலாளி, குத்தகைதாரர், வாரதாரர் எல்லோரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று அது ஏற்கிறது. நமக்கு நீண்ட போராட்டத்துக்குப் பின் கிடைத்த அங்கீகாரம் அது. ஆனால் எண்ணெய்க் கிணற்றுக்கு நிலத்தை எடுப்பது இல்லை; குத்தகைக்கு வாங்குகிறார்கள். வாங்குபவருக்கும் பட்டாதாரருக்கும் நடுவில் ஒரு காகிதம், அவ்வளவுதான். கூலித் தொழிலாளி அந்தக் காகிதத்தில் எங்கும் இல்லை. குழாய் பதிப்பதற்கோ 1962-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. அதில் நிலத்தின் பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டு சந்தை மதிப்பில் 10 சதவீதம் கொடுப்பார்கள். அதுவும் நிலத்தில் உரிமை உள்ளவருக்கே.

இந்த மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் 17.6 சதவீதம். அவர்களில் எத்தனை பேர் கையில் பட்டா இருக்கிறது என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1892-இல் சென்னை மாகாணத்தில் பஞ்சமி நில ஏற்பாடு வந்தபோது இந்த மாவட்டத்தின் பெரும்பகுதி தனிச் சமஸ்தானமாக இருந்தது. 1948 மார்ச்சில்தான் இந்தியாவோடு இணைந்தது. பறிபோன பஞ்சமி நிலத்தை மீட்போம் என்று மற்ற மாவட்டத் தோழர்கள் கேட்கிறார்கள். நம்மில் பலருக்குப் பறிபோவதற்கே ஒன்றும் கொடுக்கப்படவில்லை.

தண்ணீர் கெட்டாலும் அப்படித்தான். பட்டாதாரரின் போர்வெல் வற்றினால் அவர் இன்னொரு போர் போடுவார். கடன் வாங்கியாவது போடுவார். காலனிக்கு இருப்பது ஊராட்சியின் ஒரே மேல்நிலைத் தொட்டி. அந்தத் தொட்டித் தண்ணீரில் என்ன கலந்தாலும் குடித்தாக வேண்டும், அல்லது குடம் தூக்கி நடக்க வேண்டும். 2022 டிசம்பரில் முத்துக்காடு ஊராட்சி வேங்கைவயலில் தொட்டிக்குள் மலம் கலந்ததை நாடே பார்த்தது. குழந்தைகளுக்கு உடம்புக்கு வந்த பிறகுதான் தொட்டிமேல் ஏறிப் பார்த்தார்கள். 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, பாதிக்கப்பட்ட மக்களில் மூன்று பேர் மீதே திரும்பியது. மலம் கண்ணுக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியும். அதற்கே நீதி இந்தக் கதி. ஆழ்துளையில் இருந்து கசிந்து வந்த ஏதோ ஒன்று எங்கள் தொட்டியில் கலந்தது என்று நாளைக்கு ஒரு காலனிக்காரர் நிரூபிக்க வேண்டி வந்தால் எந்த அலுவலகப் படி ஏறுவார்?

கழிவுக் குட்டை எங்கே வெட்டப்படும் என்பதும் நமக்குத் தெரியாததல்ல. பேரூராட்சிக் குப்பைக் கிடங்கு எங்கே இருக்கிறதோ அங்கே. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1982-இல் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில், கறுப்பின ஏழைகள் அதிகம் வாழும் பகுதியில் நச்சு மண்ணைக் கொண்டுவந்து கொட்டினார்கள். மக்கள் சாலையில் படுத்து மறித்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். மண் கொட்டப்படுவதை அவர்களால் தடுக்க முடியவில்லை. சுற்றுச்சூழல் நீதி என்ற சொல் உலகெங்கும் புழங்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஆக, அந்த அம்மாவுக்கு என் பதில் இது: நிலம் உள்ளவருக்கு இழப்பு வந்தால் கொஞ்சமாவது ஈடு வரும். உங்களுக்கு இழப்பு மட்டும்தான் வரும். அதனால் இந்தப் போராட்டம் அவர்களைவிட உங்களுடையது.

சொல்லிவிடலாம். ஆனால் அவர் கேட்டதில் இரண்டாவது பாதி ஒன்று இருந்தது. நிலம் இருக்கவுக வந்து எங்களக் கூப்புடல.

பந்தலில் எல்லோரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தோம். ஒரே அண்டாவில் சோறு பொங்கினார்கள். பெண்கள் கும்மியடித்தார்கள், ஒப்பாரி வைத்தார்கள். காலனிப் பெண்களின் ஒப்பாரி கேட்டு ஊர்ப் பெண்கள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். சாதி இந்தப் பந்தலோடு செத்தது என்று அன்று ஒரு நண்பர் மைக்கில் பேசினார். கைதட்டினேன். 2025 மே மாதம், அதே வடகாட்டில், மாரியம்மன் கோயில் திருவிழாவை ஒட்டித் தலித் குடியிருப்புக்குள் புகுந்து தாக்கினார்கள். வீடு எரிந்தது, வண்டிகள் நொறுங்கின, ஆட்கள் மருத்துவமனையில் கிடந்தார்கள். விவகாரம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போனது. பந்தலில் உட்கார்ந்தவர்கள்தான் தாக்கினார்கள் என்று சொல்ல வரவில்லை. அதற்கு என்னிடம் ஆதாரமும் இல்லை. பந்தலில் உட்கார்ந்தவர்கள், 196 நாள் எங்களோடு உட்கார்ந்தவர்கள், அன்றைக்கு எரிந்த வீட்டின் முன்னால் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்ல வருகிறேன். சிலர் வந்தார்கள். அந்தச் சிலரை மறக்க மாட்டோம்.

சட்டத்தின் பக்கம் நடந்ததையும் பார்ப்போம். 2020 ஜனவரி 16 அன்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு இனிப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வேண்டாம் என்றது. நாளிதழ்களில் விவசாயிகளுக்குப் பாதகம் என்று எழுதினார்கள். சரிதான். ஆனால் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் யார் பேசலாம் என்று யாரும் எழுதவில்லை. அங்கே பட்டா கேட்க மாட்டார்கள். பாதிக்கப்படும் எவரும் எழுந்து பேசலாம். பேசியது நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும். வருவாய்த் துறையும் நிறுவனமும் உட்கார்ந்திருக்கும் மேடைக்கு எதிரே ஒரு பூப் பறிக்கும் பெண் சட்டப்படி நின்று பேசக்கூடிய அரிய இடம் அது. அதைத்தான் எடுத்தார்கள்.

அடுத்த மாதமே தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தின் 13 ஒன்றியங்களில் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய 5 உள்ளே வந்தன. எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு என்று பெயர் சொல்லியே புதிதாக எடுக்கத் தடை. நெடுவாசல் திருவரங்குளம் ஒன்றியத்தில் இருப்பதால் உள்ளே. வேங்கைவயல் அன்னவாசல் ஒன்றியம், வெளியே. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பணிகளை இந்தச் சட்டம் தொடாது, குழாய்ப் பாதை அமைப்பதையும் தடுக்காது. சட்டம் இருக்கும்போதே, 2021 ஜூனில் கறம்பக்குடி வட்டத்து வடதெருவை மத்திய அரசு ஏலப் பட்டியலில் சேர்த்தது. 463 சதுர கிலோமீட்டர், நெடுவாசலைப் போல 46 மடங்கு. முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதி எதிர்த்தார். 2025-இல் மண்டலத்துக்கு வெளியே இருக்கிற ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு ஓஎன்ஜிசிக்கு அனுமதி கிடைத்த செய்தி வந்து, எதிர்ப்பு கிளம்பி, அதைத் திரும்பப் பெறச் சொன்னது மாநில அரசு. மணமேல்குடியைத் தாண்டினால் ராமநாதபுரம். பாறைக்கு மாவட்ட எல்லை தெரியாது.

எனவே காலனிகளில் இருப்பவர்கள் கையில் மிஞ்சியிருக்கும் இடம் கிராம சபைதான். அங்கேயும் பட்டா கேட்க மாட்டார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். 2017-இல் போராட்டம் நடந்தபோது ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களே கிடையாது, தனி அலுவலர்கள்தான். 2019 டிசம்பரில்தான் ஊரகத் தேர்தல் நடந்தது. நம் தனித்தொகுதித் தலைவர்கள் நாற்காலியில் உட்காரவே எத்தனை இடத்தில் போராட வேண்டியிருந்தது என்பது தனிக் கதை, அதை இன்னொரு வாரம் எழுதுகிறேன்.

இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபை. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் அன்றும் ஒன்று உண்டு. ஐந்து ஒன்றியங்களிலும், வெளியே இருக்கிற எட்டு ஒன்றியங்களிலும் உள்ள தோழர்களுக்கு வேண்டுகோள். ஹைட்ரோகார்பன் வேண்டாம் என்று வழக்கமாகப் போடும் தீர்மானத்தோடு இரண்டு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஒன்று, நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடக்கும் எந்தத் திட்டத்திலும் அந்த நிலத்தில் வேலை செய்யும் கூலித் தொழிலாளர் குடும்பங்களைப் பாதிக்கப்பட்ட குடும்பங்களாகக் கணக்கிட வேண்டும். இரண்டு, காலனித் தொட்டித் தண்ணீரை ஆண்டுக்கு இரண்டு முறை சோதித்து, முடிவை அந்தத் தெருவிலேயே எழுதி ஒட்ட வேண்டும். இன்றைய தண்ணீர் எப்படி இருக்கிறது என்ற கணக்கு நம்மிடம் இருந்தால்தான் நாளைக்குக் கெட்டுப்போனது என்று காட்ட முடியும்.

போகும்போது பெண்களாகச் சேர்ந்து போங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைப்பவர்களும் கேட்டுவிட்டே வையுங்கள். வெறும் தாளில் வாங்கிக்கொண்டு பிறகு எழுதிக்கொள்கிறோம் என்றால் வைக்க வேண்டாம்.